மலைவீட்டில் குழந்தையின் அறை: பூட்டிக்கில் வாங்குவதா, ஆசாரியிடம் செய்வதா?

குழந்தைகளுக்கென்றே நடத்தப்படும் பூட்டிக் கடைகள் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் பெருகிய பிறகு, நீலகிரியில் குடியிருக்கும் இளம் பெற்றோர் பலருக்கு ஒரே ஐயம் எழுகிறது. மேக வடிவ விளக்கு, துணிக் கூடாரம், முக்கோணக் கொடித் தோரணம், சுவரில் மாட்டும் யானைத்தலைப் பொம்மை, மரத்தில் வெட்டிய பெயரெழுத்துகள், வெளிர் நிற அலமாரி என்று அந்தக் கடைகள் அடுக்கிக் காட்டும் அறையை அப்படியே வாங்கி மலையேற்றிவிடலாமா, அல்லது அதே பணத்தில் உள்ளூர் ஆசாரியையும் தையல்காரரையும் வைத்துச் செய்துகொள்ளலாமா என்பதே அந்த ஐயம். வீட்டு உள்ளலங்கார வேலை செய்பவன் என்ற முறையில் குன்னூரிலும் கோத்தகிரியிலும் உதகையிலும் இக்கேள்வி என் முன் வைக்கப்பட்டிருக்கிறது. கடையின் கண்ணைக் கடன் வாங்குங்கள், கனமான பொருள்களை இங்கேயே செய்துகொள்ளுங்கள், கடையில் வாங்குவதைக் கழற்றித் துவைத்துக் காயவைக்கக் கூடிய சிறு பொருள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது என் முடிவு. ஆனால் எல்லா வீட்டுக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. ஆகவே காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது.

சமவெளியில் இந்தக் கேள்வியை விலையும் ரசனையும் தீர்த்துவைக்கும். மலையிலோ ஓதம்தான் முதலில் பேசும். கோத்தகிரியும் குன்னூரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நனைகின்றன; கூடலூர்ப் பக்கமும் உதகையின் மேற்குப் பகுதியும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தில் நனைகின்றன. மழையில்லாத நாளிலும் பிற்பகல் மூடுபனி திறந்த சன்னல் வழியே அறைக்குள் வந்துவிட்டுத்தான் போகிறது. இரவில் குளிருக்காகச் சன்னலை அடைத்துவிட்டால், உறங்குபவர்களின் மூச்சிலுள்ள ஈரம் வெளியேற வழியின்றி, அறையிலேயே மிகக் குளிர்ந்த பரப்பு எதுவோ அதில் போய்ப் படிகிறது. அந்தப் பரப்பு பெரும்பாலும் சன்னல் கண்ணாடியாகவோ வெளிச்சுவராகவோ இருக்கும். காலையில் கண்ணாடியின் உட்புறம் நீர் வழிவதும், வெளிச்சுவரை ஒட்டி வைத்த பீரோவின் முதுகில் கரும்புள்ளிகளாகப் பூசணம் பூப்பதும் இதனால்தான். குழந்தையின் அறையில் இது அழகுக் குறை என்பதோடு முடிவதில்லை. பூசணக் காற்று இளைப்பும் இருமலும் உள்ள குழந்தைகளை உடனே வாட்டும்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு சுவரிலிருந்து தொடங்குவோம். பூட்டிக் கடைகள் மிக விரும்பி விற்பது வால்பேப்பரும் சுவர் ஸ்டிக்கரும். வால்பேப்பரில் வரும் ஓவியங்கள் கண்ணைப் பறிப்பவை என்பதில் ஐயமில்லை. ஒரே நாளில் அறை மாறிவிடும். ஆனால் அதை ஒட்டுவதற்குப் பயன்படும் மாவுப் பசை பூசணத்துக்கு நல்ல தீனி. வெளிச்சுவரில் ஒட்டினால் காகிதத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரம் அடைபட்டு, முன்பக்கம் மான்குட்டியும் முயலும் சிரித்துக்கொண்டிருக்க, பின்பக்கம் கறுத்துக்கொண்டே போகும். மூலையில் காகிதம் சற்றே உப்பி, விரலால் தொட்டால் மெத்தென்று அமுங்கினால், உள்ளே வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். வால்பேப்பர் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், வீட்டின் உட்சுவர் ஒன்றில், அதாவது மறுபக்கமும் இன்னோர் அறை இருக்கும் சுவரில், ஒட்டலாம். அதற்குக்கூடக் காகித ரகத்தைவிடத் துணியிழை போன்ற நெய்யா (நான்-வோவன்) ரகம் மேல். கழற்றும்போது முழுத்தாளாக உரிந்து வரும்.

ஸ்டிக்கர் விஷயம் வேறு. விலை குறைவு, குழந்தையே தன் கையால் ஒட்டலாம், சலித்ததும் எடுத்துவிடலாம் என்பவை அதன் நற்குணங்கள். எமல்ஷன் (ஈரத் துணியால் துடைக்கக் கூடிய வழவழப்பான பெயின்ட்) அடித்த, காய்ந்த சுவரில் அது நன்றாகவே நிற்கும். டிஸ்டெம்பர் (மலிவான, பொடி உதிரும் வண்ணப்பூச்சு) அடித்த பழைய சுவரிலோ, ஒன்று ஒட்டவே ஒட்டாது, அல்லது எடுக்கும்போது சுவரின் தோலையும் சேர்த்துக்கொண்டு வந்துவிடும். மலையில் வாடகைக்கு விடப்படும் வீடுகளில் பெரும்பாலானவை டிஸ்டெம்பர் சுவர்கள்; முன்பணத்தைத் திரும்பக் கேட்கும் நாளில் வீட்டுக்காரர் காட்டப்போவது அந்தத் தழும்பைத்தான். அலமாரிக் கதவு, கதவின் உட்புறம், சன்னல் கண்ணாடி ஆகிய வழுவழுப்பான பரப்புகளில் ஸ்டிக்கரை ஒட்டுவது இந்த வம்பைத் தவிர்க்கும்.

வண்ணம் அடிப்பதாக இருந்தால் வீட்டின் வயதைப் பார்க்க வேண்டும். கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய பழைய பங்களாக்களின் தடித்த சுவர்கள் ஈரத்தை வாங்கி, பின்னர் மெல்ல வெளியே விடும் இயல்புடையவை. அவற்றின் மீது சிமென்ட் பூசி, புட்டி இழுத்து, வழவழப்பான எமல்ஷன் அடித்தால் அந்த ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கி, வண்ணத்தைக் கொப்புளமாகத் தள்ளும். அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையே இன்றும் பொருத்தமானது. அதன் காரத்தன்மையில் பூசணம் எளிதில் வேர்விடாது. சிறிது காவியோ மஞ்சள் மண்ணோ கலந்தால் பூட்டிக் கடைக்காரர்கள் பெயர் வைத்து விற்கும் அதே மங்கலான, மண் சார்ந்த நிறம் கிடைத்துவிடும். உரசினால் உடையில் ஒட்டும் என்பது அதன் ஒரே தொல்லை. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை மரப்பலகை அடித்துவிட்டால் அத்தொல்லையும் தீரும். ஆணியடித்த சட்டத்தின் மேல் பலகையை நிறுத்தி, பின்னால் காற்றுப் போக இடைவெளி விட வேண்டும். புதிய கான்கிரீட் வீடுகளுக்கு, பூசண எதிர்ப்புச் சேர்ந்த நல்ல எமல்ஷன் போதும்.

நிறத் தேர்வில் பூட்டிக் கடைகளின் படங்களை நம்பி ஏமாறாமல் இருப்பது நல்லது. அங்கே காணும் வெளிர் நீலமும் சாம்பலும் வெயில் கொட்டும் அறையில் எடுத்த படங்கள். பனி மூடிய பிற்பகலில் அதே நிறம் மருத்துவமனைச் சுவர் போலத் தெரியும். வடக்குப் பார்த்த அறைக்கு வெண்ணெய் மஞ்சள், செம்மண் கலந்த இளஞ்சிவப்பு, வைக்கோல் நிறம் ஆகியவை வெளிச்சத்தைக் கூட்டித் தரும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் சாயல் எல்இடி விளக்கு அவற்றோடு ஒத்துப்போகும்.

வண்ணம் பற்றிப் பேசும்போது ஈயத்தைச் சொல்லாமல் போக முடியாது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்பு, குறிப்பாகப் பல பத்தாண்டுகளுக்கு முன்பு அடிக்கப்பட்ட பழைய பங்களாக் கதவு சன்னல்களின் எண்ணெய்ப் பெயின்ட் அடுக்குகளில் என்ன இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. அவற்றைக் குழந்தை வீட்டில் இருக்கும்போது உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. நீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்து, விழுந்த தூளை ஈரத் துணியால் துடைத்தெடுத்த பிறகே குழந்தையை உள்ளே விட வேண்டும்.

இனி மரச் சாமான்கள். செலவில் பெரும்பங்கும் இதற்குத்தான் போகிறது. இரண்டு வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிவதும் இங்கேதான். பூட்டிக் கடைகளின் வெள்ளை அலமாரி, வீடு வடிவப் புத்தக அடுக்கு, மேகத்தலைக் கட்டில் முதலியவற்றில் பல எம்டிஎஃப் பலகையில் செய்து, மேலே பெயின்ட் தெளித்தவை. மர நாரைப் பிசினோடு அழுத்திச் செய்யும் அந்தப் பலகை வெட்டவும் வளைக்கவும் எளிது; மேக வளைவும் நட்சத்திரத் துளையும் அவ்வளவு நேர்த்தியாக வருவதற்கு அதுவே காரணம். ஆனால் பெயின்ட் ஏறாத ஓரம் ஒன்று கிடைத்தால் போதும், ஈரம் அங்கே நுழைந்துவிடும். திருகாணித் துளை, கால் தரையைத் தொடும் அடிப்பகுதி, சுவரைப் பார்க்கும் முதுகுப் பலகை ஆகிய மூன்று இடங்களையும் வாங்குவதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள். முகத்தில் பாலாடை போன்ற மெருகு இருக்கும். முதுகில் மெல்லிய அட்டை போன்ற தகடு, கறுப்புக் குண்டூசியால் அடித்து, பழுப்பு நிறம் அப்படியே தெரிய நிற்கும். இரண்டு மழைக்காலம் கழிந்தால் அந்தத் தகடு வில்லாக வளையும். அடிப்பகுதி ஊறிப் பருத்து, பெயின்ட் வெடித்து, திருகாணி பிடிப்பின்றிச் சுழலும். அதை யாராலும் சரிசெய்து தர முடியாது.

மாறாக, மலையில் எளிதில் கிடைக்கும் மரம் சில்வர் ஓக். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் இந்த மரத்தை இழைத்துப் பார்த்தால், பலகை முழுவதும் வெள்ளிச் செதில் போன்ற மின்னல்கள் ஓடும். விளக்கொளியில் அவை இடம் மாறுவதுபோல் தோன்றும். கனமில்லை, விலை தேக்கைவிட மிகக் குறைவு, குழந்தைக்கான சிறு சாமான்களுக்குப் போதிய உறுதியும் உண்டு. இதன் குறை, ஈரம் முழுதும் இறங்காத பலகையில் வேலை செய்தால் முறுக்கிக்கொள்வது. ஆசாரியிடம் பேசும்போது மரத்தின் பெயரைவிட, பலகை எவ்வளவு நாள் காய்ந்தது என்பதையே முதலில் கேட்க வேண்டும். தோட்டத்தில் நிற்கும் மரத்தை வெட்டிக்கொள்ளலாமே என்று சிலர் நினைப்பதுண்டு. 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதற்கு அனுமதி வேண்டும். அந்த அலைச்சலைவிட, மரக்கடையில் ரசீதோடு காய்ந்த பலகை வாங்குவது எளிது. கற்பூர மரம் என்று இங்கே அழைக்கப்படும் யூக்கலிப்டஸ் மலிவாகக் கிடைத்தாலும் பிளந்து முறுக்கும். குழந்தை அறைக்கு வேண்டாம். பெயர்த்தெடுத்த பழைய தேயிலைச் செடியின் வேரை அப்படியே காலாக வைத்து, மேலே கண்ணாடி பொருத்தி விற்கும் மேசைகள் நம் வரவேற்பறைகளுக்குப் பெருமைதான். ஓடியாடும் பிள்ளையின் கண் உயரத்தில் கூரிய கிளைமுனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் அப்பொருளுக்கு இங்கே இடமில்லை. பலகை வேலை பெரிதாக இருந்து பிளைவுட் தேவைப்பட்டால், ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் ரகத்தைக் கேட்டு வாங்கலாம்.

ஆசாரி வேலையின் குறையையும் மறைப்பதற்கில்லை. கடையின் வளைவும் மெருகும் எல்லோருக்கும் கைவராது. மேகத்தலைக் கட்டிலின் படத்தை ஒரு வீட்டில் காட்டியபோது, பல்லாண்டு அனுபவமுள்ள ஆசாரி ஒருவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “செஞ்சிரலாமுங்க சார். ஆனா மரத்துல இந்த வளைவு நிக்கோணும்னா பலகை தடிமனா வேணும்; கட்டில் கனத்துப்போகும், பார்த்துக்கோங்க” என்றார். அது நேர்மையான பதில். அந்த வீட்டில் மேகத்தைக் கட்டிலிலிருந்து கழற்றி, தலைமாட்டுச் சுவரில் துணித் திண்டாகத் தைத்து மாட்டினோம்; கட்டில் நேர்கோட்டிலேயே நின்றது.

இரண்டாவது குறை அளவு. நம் ஆசாரிமார் மேசை என்றாலே 75 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிடுவார்கள். குழந்தை அதில் உட்கார்ந்தால் கால் தொங்கும், தோள் தூக்கிக்கொள்ளும். பூட்டிக் கடைகளின் உண்மையான பலம் இந்த அளவில்தான் இருக்கிறது. ஐரோப்பியப் பள்ளி மரச்சாமான் தரத்தைப் பின்பற்றினால், ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டிய குழந்தைக்கு இருக்கை 26 சென்டிமீட்டரிலும் மேசை 46 சென்டிமீட்டரிலும் அமைய வேண்டும். 108 முதல் 121 வரை உயரமுள்ள பிள்ளைக்கு அவை முறையே 31, 53 ஆகும். 142 வரை வளர்ந்த பிள்ளைக்கு 35, 59. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி ஆசாரியின் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டால் கடைக்கும் பட்டறைக்கும் உள்ள பாதித் தூரம் குறைந்துவிடும். மேசைக் கால்களில் இரண்டு மூன்று துளைகள் போட்டு உயர்த்திக்கொள்ளும்படி செய்தால் மூன்று வயதில் வாங்கிய மேசை ஏழு வயதிலும் உதவும். அட்டைப்படம் முன்பக்கம் தெரியப் புத்தகங்களை நிறுத்தும் அடுக்கும் கடைக்காரர்களின் நல்ல யோசனையே. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை படத்தைப் பார்த்துத் தானே எடுத்துக்கொள்கிறது. நான்கு அங்குல ஆழத்தில் மூன்று பலகையும், விழாமல் தடுக்க ஒரு சட்டமும் இருந்தால் எந்த ஆசாரியும் அரைநாளில் செய்துவிடுவார்.

மெருகுக்கு வார்னிஷைவிடத் தேன்மெழுகை நான் பரிந்துரைப்பேன். 1993-இல் தொடங்கப்பட்டு, கோத்தகிரியிலிருந்து இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை போன்றவற்றின் முயற்சியால், பழங்குடியினர் எடுக்கும் தேனோடு தேன்மெழுகும் இங்கே வணிகப் பொருளாகியிருக்கிறது. அதை ஆளிவிதை எண்ணெயோடு சேர்த்து, நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிப் பூசினால், சில்வர் ஓக்கின் வெள்ளிச் செதில் மறையாமல் மெருகேறும்; கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். உலோகச் சேர்மம் கலந்த ‘பாயில்ட்’ ரகத்தை வாங்காமல் சாதா எண்ணெயை வாங்குங்கள். எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும். விரித்துக் காயவைத்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும்.

எந்த வழியில் வந்த அலமாரியானாலும் வெளிச்சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிறுத்தி, மேல்பகுதியை எல் கிளாம்ப் கொண்டு சுவரோடு பிணைக்க வேண்டும். இழுப்பறைகளைப் படியாக்கி ஏறாத பிள்ளை எந்த ஊரிலும் இல்லை.

துணியில் நிலைமை தலைகீழ். இங்கே பூட்டிக் கடைகளின் பொருள் பலவும் வாங்கத் தக்கவை, ஆனால் துவைத்தால் எத்தனை நாளில் காயும் என்ற ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். தடித்த கான்வாஸில் தைத்த கூடாரம் படத்தில் மிக அழகு. நவம்பரில் துவைத்தால் ஒரு வாரம் ஆனாலும் மடிப்புகளில் ஈரம் நிற்கும், பிறகு முடைநாற்றம் போகாது. அதே கூடாரத்தை ஈரோட்டுக் காடாத் துணியில், மூங்கில் கழிகளைக் கழற்றி எடுக்கும்படி உறை விட்டு, உள்ளூர்த் தையல்காரரிடம் தைத்தால், துணியை மட்டும் உருவித் துவைத்து ஒரு வெயிலில் உலர்த்திவிடலாம். கொடித் தோரணமும் அப்படியே. அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையில் வெட்டிய முக்கோணங்கள் கடையில் வரும் புள்ளித் துணியைவிட மட்டமில்லை. திரைச்சீலைக்குப் பகலில் மெல்லியது, இரவில் அடித்துணி வைத்துத் தைத்த தடித்தது என இரண்டு அடுக்கு வைப்பது குளிருக்கு நல்லது. கண்ணாடியைத் தொடாமல் ஒரு சாண் விலகித் தொங்கினால் காலை நீர் துணியின் ஓரத்தில் ஏறாது. கட்டிலுக்கு மேலே மாட்டும் மெல்லிய வலைக் குடையைப் பொறுத்தவரை, கைக்குழந்தையின் தொட்டிலுக்கு மேல் அது வேண்டவே வேண்டாம். கழுத்தில் சுற்றக் கூடிய எந்தக் கயிறும் சீலையும் அங்கே இருக்கக் கூடாது.

தரைக்குக் கடைகள் காட்டுவது சுவருக்குச் சுவர் கம்பளம், அல்லது புதிர்த் துண்டுகளாக இணையும் ரப்பர் விரிப்பு. முதலாவது மலைக்கு ஆகாது. கீழே ஊறிய ஈரம் என்றும் வெளியேறாது. இரண்டாவது குளிர்ந்த தரையிலிருந்து பிள்ளையைக் காக்கும், துடைக்கவும் எளிது. வாரத்துக்கு ஒருமுறை தூக்கி அடியைத் துடைப்பவர்கள் மட்டும் வாங்கலாம். என் தேர்வு பவானி ஜமக்காளம். புவிசார் குறியீடு பெற்ற அந்த முரட்டுப் பருத்தி விரிப்பின் பட்டைக் கோடுகள் எந்தக் குழந்தை அறைக்கும் பொருந்தும். உதறி மாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டால் பாதி வேலை முடிந்தது.

அறையைச் சூடாக்குவது அலங்காரத்தோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் ஒரு சொல். கரி கனலும் குமுட்டி அடுப்பை மூடிய அறையில் வைக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை; உறங்கும் குழந்தையின் அறையில் அது எக்காரணம் கொண்டும் கூடாது. சிவந்து எரியும் கம்பி ஹீட்டருக்கு அருகில் கூடாரமும் தோரணமும் தொங்குவதும் அதே அளவு ஆபத்து. எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ரகம் மெதுவாகச் சூடேறினாலும் தீப்பொறிக்கு இடமில்லை. அறையில் துணி அலங்காரம் அதிகமாக இருக்க வேண்டும் என்று விரும்புபவர்கள் அதற்கான பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டுத் தோரணத்துக்கு வரலாம்.

அறைக்கான கருப்பொருள்தான் பூட்டிக் கடைக்கும் உள்ளூர் முயற்சிக்கும் இடையே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கடைகளில் ‘சஃபாரி’ என்றால் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் வரும். சன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவில் காட்டுமாடு மேய்வதைப் பார்க்கும் பிள்ளைக்கு, தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடும், கருமந்தியும், மலை அணிலும், நீலகிரிச் சிரிப்பான் பறவையும் சுவரில் இருப்பதுதானே முறை? இவற்றை வரைந்து தரக் கைகள் இங்கேயே உண்டு. கோத்தகிரியை அடுத்த வெள்ளரிக்கொம்பைப் பக்கத்து ஆலு குறும்பர்கள், வேங்கைப் பிசினின் செம்பழுப்பையும் இலைச்சாற்றின் பச்சையையும் கொண்டு, தேன் எடுத்தலையும் அறுவடையையும் குச்சி போன்ற மெல்லிய மனித உருவங்களாக வரைகிறார்கள். முன்பு வீட்டுச் சுவரிலும் கோயிலிலும் வரைந்தவை இன்று தாளிலும் துணியிலும் கிடைக்கின்றன. அகலத் தாளில் ஒரே ஒரு படம் வாங்கிச் சட்டமிட்டு மாட்டினால், கடையில் வாங்கும் அச்சுப் படங்கள் ஆறின் வேலையை அது செய்யும். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் கார்க் துண்டுகளை ஒட்டிச் சுவரிலிருந்து சற்று விலக்கி மாட்டுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடிக்குள் ஈரம் கட்டித் தாளில் கறை படரும்.

தோடர் பூவேலை இன்னொன்று. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் தையலில், சட்டம் எதுவுமின்றி, துணியின் இழைகளை விரலால் எண்ணிக்கொண்டே சிவப்பும் கறுப்பும் கோத்து, இரு பக்கமும் முகமாகவே தோன்றும்படி தைக்கிறார்கள். அருகில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தையலிலும் நூல் சற்றே தளர்ந்து குட்டி வளையமாக மேலெழும்பி நிற்பது தெரியும். அந்தப் புடைப்பே அதன் அழகு. அதனாலேயே அதைக் குழந்தையின் போர்வையாகவோ தலையணை உறையாகவோ பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை. நகமும் பல்லும் அந்த வளையங்களை இழுத்துவிடும். தலைமாட்டுச் சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், மரக்கோலில் கோத்துத் தொங்கவிட வேண்டிய பொருள் அது.

யானைத்தலைப் பொம்மைக்கும் மாற்று உண்டு. காட்டை மூடிப் பரவும் உண்ணிச்செடியின் தண்டை வேகவைத்து, தோலுரித்து, வளைத்துப் பின்னும் கைவேலை கூடலூர் வட்டாரத்தில் வளர்ந்திருக்கிறது. பெட்ட குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகியோர் செய்த உயிரளவு யானைகள் 2021-இல் இலண்டன் பூங்காக்களில் நின்றன. அதே முறையில் பின்னிய கூடையும் நாற்காலியும் குழந்தை அறைக்கு ஏற்றவை. கூரிய முனைகள் உள்ளே மடித்திருக்கின்றனவா என்று மட்டும் கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள்.

உயர அளவுகோல் ஒன்றை எல்லாப் பூட்டிக் கடைகளும் விற்கின்றன. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எண்கள் ஏறும். நம் மலைக்கு இரயில் இருக்கிறது; அதன் பாதையையே அளவுகோலாக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும் உதகை வரை 1908-இலும் ஓடத் தொடங்கி, 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமான அந்தப் பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், தரையிலிருந்து 60 சென்டிமீட்டரில் மேட்டுப்பாளையத்தைத் தொடங்கி, 152-இல் உதகையை நிறுத்தலாம். இடையே கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமீட், காட்டேரி என ஏறி, 28-ஆம் கிலோமீட்டரிலுள்ள குன்னூர் 116 சென்டிமீட்டரில் வரும். ஆறு வயதை ஒட்டிப் பிள்ளை குன்னூரைத் தொட்டுவிடும். அதன்பின் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். கடல் மட்ட உயரத்தை வைத்துக் கணக்கிடலாமே என்று தோன்றும். ஆனால் லவ்டேல் நிலையம் உதகையைவிட உயரத்தில் இருப்பதால் கடைசியில் பிள்ளை குறுகிப்போக நேரிடும். தூரமே பாதுகாப்பு. இதைச் சுவரில் வரையாமல் மூன்றரையடி நீளச் சில்வர் ஓக் பலகையில் எழுதுங்கள். மாற்றலாகிப் போகும்போது உடன் எடுத்துச் செல்லலாம்.

விளையாட்டுப் பொருள்களில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பூட்டிக் கடையில் வெளிநாட்டுப் பொம்மை வாங்கினாலும் அதைப் பாருங்கள். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் இதில் விலக்கு உண்டு என்பதால், சன்னபட்டணப் பொம்மையில் முத்திரை இல்லையே என்று ஒதுக்க வேண்டாம்.

ஆக, யார் எதைத் தேர்வது? அருவங்காடு, வெலிங்டன் போன்ற இடங்களில் குவார்ட்டர்ஸிலோ வாடகை வீட்டிலோ இருந்து, சில ஆண்டுகளில் மாற்றலாகக் கூடியவர்களுக்குப் பூட்டிக் கடையின் சிறு பொருள்களே மேல்: விளக்கு, துணி, ஸ்டிக்கர், மடக்கு மேசை. மரச்சாமானைச் செய்து வைத்து விட்டுப் போவதில் பயனில்லை. சொந்தமாகப் பழைய வீடு உள்ளவர்கள் மறு யோசனையின்றி ஆசாரியிடம் போகலாம். அந்த வீட்டின் கோணல் சுவருக்கும் சாய்ந்த தரைக்கும் கடையில் செய்து வைத்த அலமாரி எப்படியும் பொருந்தாது. புதிய கான்கிரீட் வீட்டுக்காரர்களின் நிலை இடைப்பட்டது. வெயில் நன்றாக விழும், காய்ந்த அறையாக இருந்தால், கடையின் எம்டிஎஃப் சாமான்கூட உட்சுவரை ஒட்டிச் சில ஆண்டுகள் ஓடும். ஆனால் விலையோடு மலையேற்றும் லாரிக் கூலியையும், உடன் வரும் தெர்மோகோல் குப்பையை எங்கே போடுவது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடைசெய்த மாவட்டத்தில் அது சிறிய தொல்லையல்ல. இவற்றைக் கூட்டிய பிறகு ஆசாரியின் கூலி அவ்வளவு அதிகமாகத் தோன்றாது.

காலமும் முக்கியம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். வண்ண வேலையை அப்போது முடிப்பதே சரி. ஏப்ரல் நெருங்கினால் சீசனுக்காக லாட்ஜுகளும் காட்டேஜுகளும் பெயின்டர்களைப் பிடித்துக்கொள்ளும், கூலியும் ஏறும். பலகையை அதற்கும் முன்பே வாங்கி, உங்கள் வீட்டிலேயே, பலகைகளுக்கிடையே குச்சி வைத்து அடுக்கிக் காயவிட்டால், பிப்ரவரியில் ஆசாரி வந்து இழைக்கும்போது அது அந்த வீட்டுக் காற்றுக்குப் பழகியிருக்கும். விளக்கு, திரைச்சீலை, தோரணம் ஆகியவற்றை அதற்குப் பிறகு, வண்ணத்தையும் மரத்தையும் நேரில் பார்த்த பின், ஒரு துண்டுப் பலகையைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று பொருத்திப் பார்த்து வாங்கலாம்.